கட் சொல்லும்வரை சாகாதே!

1

“யா அல்லாஹ்...!”

அந்த அலறலில் சவுக்குக் காட்டின் காகங்கள் மொத்தமாகக் கிளம்பின.

அலறியவள் ஆமினா உம்மா. காணாமற்போன ஆட்டைத் தேடி வந்தவள்.

ஆடு கிடைக்கவில்லை.

ஒரு மனிதரின் மையத்துக் கிடைத்தது, பிணம்!

நிந்தவூர்க் கடற்கரை. சுனாமி வீடுகளை வழித்துக்கொண்டு போன வெறுந்தரையில், இன்னொரு தரம் கடல் எழும்பினால் மறிக்கட்டும் என்று நட்ட சவுக்கு மரங்கள். யுத்தம் முடிந்தும் ஒரு வருடம் ஆகிவிட்டது. மரங்கள் வளர்ந்து காடாகிவிட்டன. ஆனால், கயிறு பிடித்து நட்ட காடு! காலைக் கூட்டத்துக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாக நிற்கும்.

அந்த வரிசையில் ஒரு மரத்தடியில் அவர் கிடந்தார்.

வலப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. வாய் திறவாதபடி நாடியைச் சுற்றி ஒரு கைலேஞ்சித் துணி கட்டியிருந்தது. மேலே வெள்ளைச் சாரன் போர்த்தியிருந்தது.

கொன்றவன் இவ்வளவு மரியாதையாகவா போட்டுவிட்டுப் போவான்?

பின்னேர அஸர் தொழுகை முடித்த ஊர் அப்படியே கடற்கரைக்கு ஓடி வந்தது. பின்னால் பொலிஸ் ஜீப். இறங்கியவர் எஸ்.ஐ. அழகரெத்தினம். ஆலையடிவேம்புத் தமிழர்.

“ஆர் இவர்?”

“மரைக்கார் சேர்! எங்கட மீராமுகைதீன் மரைக்கார்!”

மரைக்கார் என்றால் தன் தாய்வழிக் குடியின் சார்பில் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர். அவர் வாய் திறந்தால் ஊர் வாய் மூடும். போன வருடம்தான், சினிமாப் படம் வாடகைக்கு விடும் டிஸ்க் கடையை இழுத்துப் பூட்ட வேண்டும் என்று பள்ளிவாசல் கூட்டத்தில் மேசையில் அடித்தவர்.

எஸ்.ஐ. குனிந்தார். காயம் இல்லை. இரத்தம் இல்லை. ஆனால், காது மடலுக்குப் பின்னால் ஏதோ வெள்ளையாக...

விரலால் தொட்டார். முகர்ந்தார். அவருக்குத் தெரியாத வாசமா?

விபூதி!

பொத்தியிருந்த வலது கையை விரித்தார்.

உள்ளே ஒற்றை உருத்திராட்சக் கொட்டை!

கூட்டம் கொதித்தது.

“மரைக்காருக்குத் துண்ணூறு பூசி இரிக்கானுகள்!”

“வேணுமெண்டு செஞ்ச வேல சேர் இது!”

“காரைதீவுப் பொடியன் ஒருத்தன் பெரிய பேக் ஒண்டக் கட்டிட்டு சைக்கிள்ள பறந்தத்த என்ட ரெண்டு கண்ணாலயும் கண்ட நான்!”

“ஆர் அவன்?”

“கிசோக் சேர்! முஸ்தாக்குட டிஸ்க் கடையில நிக்கிறவன்!”

எல்லாத் தலைகளும் கூட்டத்தின் பின்வரிசைக்குத் திரும்பின. அங்கே முஸ்தாக் நின்றான். டிஸ்க் கடை முதலாளி.

“உன்ர ஆள்தானே? இண்டைக்கு எங்க அவன்?” எஸ்.ஐ. கேட்டார்.

“தெரியா சேர்.”

தெரியும்!

அந்த இடத்தில் ஒரே ஒரு வசனம் உண்மையாகச் சொல்லியிருந்தால் விசயம் அங்கேயே முடிந்திருக்கும். முஸ்தாக் உதட்டை ஈரப்படுத்தினான். தரையைப் பார்த்தான். 

அவன் சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டிருந்ததை அந்த அமளியில் ஒருவரும் கவனிக்கவில்லை.

2

பக்கத்துத் தமிழூரான காரைதீவில் கிசோக் கிணற்றடியில் அகப்பட்டான். முகம் கழுவிக்கொண்டிருந்தான். கண்ணைச் சுற்றிப் பூசிய மை இன்னும் போகவில்லை.

“பேக் எங்கடா?”

கிசோக் இன்னொரு வாளி தண்ணீரை முகத்தில் ஊற்றினான்.

பை மாமரத்துக்குப் பின்னால் இருந்தது. கவிழ்த்தார்கள். ஒரு வெள்ளைச் சேலை. இடுப்பளவு நீண்ட பொய்முடி. கறுப்பு அங்கி ஒன்று. விபூதி டின். கடைசியாக, அறுந்துபோன உருத்திராட்ச மாலை!

தாய் கனகேஸ்வரி ஓடி வந்து ஜீப்பின் கதவைப் பிடித்தாள்.

“ஐயா, என்ர பிள்ள எறும்பையும் மிதிக்க மாட்டான் ஐயா! படத்தில பேயா நடிக்கிறதே வெட்கம் எண்டு சொல்லுறவன்!”

“படமா? என்ன படம்?”

“எனக்குத் தெரியாது ஐயா. காட்டுப் படமாம். பேய்க்கு என்ர வெள்ளைச் சீலைதான் வேணுமெண்டு கொண்டு போனவன்.”

எஸ்.ஐ. கிசோக்கின் பக்கம் திரும்பினார்.

“சொல்லடா. மரைக்காரை என்ன செஞ்ச?”

கிசோக் வானத்தைப் பார்த்தான். ஒரு கொன்ஸ்டபிளின் கை அவன் கன்னத்தில் இறங்கியது. பிறகு இன்னொன்று.

உதட்டில் இரத்தம் வந்தது. சொல் வரவில்லை.

ஜீப் மறுபடி நிந்தவூர்ப் பக்கம் திரும்பும்போது காரைதீவுச் சந்தியில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. நிந்தவூர் எல்லையில் அதைவிடப் பெரிய கூட்டம்!

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டார்.

“தம்பி, நீ வாய் திறக்காட்டி இண்டைக்கு ரெண்டு ஊரும் எரியும். உன்னையும் நான் தூர இடத்துக்கு அனுப்பத்தான் வேணும். போனா எப்ப வருவாய் எண்டு எனக்கே தெரியாது.”



அப்போதும் அவன் பேசவில்லை!

3

அவன் யாருடைய மானத்துக்காக வாயைக் கட்டினான்?

அதை அறிய, டிஸ்க் கடையின் பின்கதவுக்குப் போக வேண்டும்.

முன்கதவால் வந்து கடையைப் பூட்டச் சொன்ன அதே மீராமுகைதீன் மரைக்கார், ஒரு மதியம் பின்கதவைத் தட்டினார். ஊர் உறங்கும் நேரம். முஸ்தாக் வெலவெலத்துப் போனான்.

“மாமா! நீங்களா?”

“மெல்லமாக் கதை மன.” மகனை ‘மன’ என்றுதான் அந்த ஊர் அழைக்கும். “ஒண்டு கேட்கணும். காட்டுப் படம் இரிக்கா?”

“என்ன படம்?”

“காடு. படம் முழுக்கக் காடா இரிக்கணும். பேய் வந்தாலும் சரி, புலி வந்தாலும் சரி.”

“புலி எண்டு சத்தமாச் சொல்லாதீங்க மாமா. இப்பதான் எல்லாம் முடிஞ்சிரிக்கி.”

மரைக்கார் சிரிக்கவில்லை.

“ஒரு இடத்திலயும் கடல் வரப்படா. அது மட்டுந்தான் வேணும்.”

முஸ்தாக்குக்கு அப்போதுதான் விளங்கியது. மரைக்காரின் கடைசி மகள் ஆகிலா. சுனாமியன்று அவள் கை அவர் கையில் இருந்தது. பிறகு இல்லை. அதன் பின் அவர் கடலைப் பார்த்ததில்லை. வயல் பக்கமாக வீடு கட்டினார். கிழக்குப் பக்கம் யன்னல் வைக்கவில்லை. கண்ணை மூடினால் தண்ணீர். ஆனால் காட்டுப் படம் ஓடினால் இருட்டும் மரமும் பேயும் மட்டும். அந்தப் பயம் வேறு. அதைப் பார்த்து முடித்தால் உறக்கம் வரும்!

அதன் பிறகு முஸ்தாக் தேடித் தேடிக் கொடுத்தான். காட்டில் தொலைந்த நண்பர்கள், காட்டு பங்களாவில் கொலை, மரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கும் மோகினி. மரைக்கார் எல்லாவற்றையும் முழுங்கினார். கடைசியில் முஸ்தாக் தானே ஒரு படம் எடுக்கத் துணிந்தபோது, பின்கதவில் மறுபடி தட்டல்.

“மன... அந்தப் படத்தில மந்திரவாதி ஒருத்தன் இரிக்கானாமே?”

“ஓம் மாமா. ஆள் அம்பிடல்ல இன்னம்.”

“நான் நடிச்சா ஆருக்கும் தெரிய வருமா?”

முஸ்தாக்குக்குத் தலை சுற்றியது. 

“தாடிக்கு மேல தாடி ஒட்டி, துண்ணூறும் பூசினா ஒங்களப் பெத்த உம்மாவுக்கும் தெரியா மாமா! ஆனா ஷூட்டிங் சவுக்குக்குள்ள. நிசக் காட்டுக்குள்ள போக ஏலா. மிதிவெடி.”

“சவுக்குக்குப் பின்னால கடல் கிடக்கே...”

“கமெரா கடல் பக்கம் திரும்பாது மாமா. ஒங்களையும் திருப்ப மாட்டன். சத்தியமா!”

அந்தச் சத்தியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கமெராக்காரன் றஸாக். முஸ்தாக்கின் மச்சினன். கலியாண வீட்டு வீடியோ எடுப்பவன். சொன்னதைச் சொன்னபடி செய்வான். சொல்லாததைச் செய்யவே மாட்டான். முதல் நாள், கிசோக்கின் பொய்முடி கழன்று விழுந்ததும் அவன் கமெராவை நிறுத்திவிட்டான். முஸ்தாக் பாய்ந்தான்.

“நான் கட் சொன்னாத்தான் கட்! உசிரெடுக்கிற மலக்குல் மவ்த் வந்து நிண்டாலும் நிப்பாட்டப்படா! விளங்கிச்சா?”

“விளங்கிச்சு மச்சான்.”

நன்றாகத்தான் விளங்கியிருந்தது!

4

மரைக்கார் வீட்டு முற்றம் நிறைந்து வழிந்தது.

மையத்து ஆஸ்பத்திரியில். வீட்டின் நடுவில் ஒரு திரை. அதற்குப் பின்னால் ஸைனம்பு. மரைக்காரின் மனைவி. கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் இருப்பவள். பிற ஆண்களின் கண்ணில் படமாட்டாள். திரைக்கு முன்னால் மற்ற மரைக்கார்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றவன் யார்?

முஸ்தாக்!

எஸ்.ஐ. உள்ளே வந்தார். கைவிலங்கோடு கிசோக். பின்னால் அந்தப் பை.

“அம்மா, மன்னிக்க வேணும். இந்தச் சாமானுகளை நீங்க எப்பவாச்சும் கண்டிருக்கிறீங்களா?”

கறுப்பு அங்கியை எடுத்துத் திரைக்கு அப்பால் நீட்டினார்.

முஸ்தாக்கின் கையிலிருந்த கதிரை விழுந்தது.

“நான் சொல்லுறன் சேர்!”

எல்லோரும் திரும்பினார்கள்.

“நாங்க சவுக்குக்குள்ள படம் எடுத்த... காட்டுப் படம். கிசோக் பேய். மரைக்கார் மாமா எங்களப் பிடிக்க வந்திரிப்பார் போல. திடீரெண்டு பேயக் கண்டு நெஞ்சப் பிடிச்சிட்டு விழுந்திட்டார். நாங்க பயந்து ஓடிட்டம்!”

“விபூதி?”

“அது... கிசோக்குட சாமான்.”

“நாடி கட்டினது?”

“எனக்குத் தெரியா. கடைசியா நிண்டவன் அவன்தான் சேர்.”

கிசோக் நிமிர்ந்தான். முஸ்தாக்கைப் பார்த்தான். கோபமில்லை. ஒரு கேள்வி மட்டும் இருந்தது அந்தக் கண்ணில்.

முஸ்தாக் அந்தக் கண்ணைச் சந்திக்கவில்லை.

எஸ்.ஐ. மெல்ல நடந்து வந்தார்.

“எங்கட ஆக்கள் செத்தா தலையத் தெற்கால வைப்பம் தம்பி. இவர்ர தலை வடக்க. வலப்பக்கம் சரிச்சு, முகம் நேரா மேற்க. நீங்க தொழுகிற கிப்லாப் பக்கம். காரைதீவுப் பொடியன் அப்பிடிப் போடுவானா?”

முஸ்தாக் விழுந்த கதிரையை நிமிர்த்தப் போனான்.

“இன்னொண்டு. உன்ர சேட்டு ஏன் உள்புறம் வெளிய கிடக்கு?”

அவர் சட்டை விளிம்பைப் பிடித்துப் புரட்டினார்.

உள்ளே முழுவதும் விபூதிக் கறை!

“பொய் சொல்லுறான் சேர்.”

சொன்னது திரை!

“அந்த அங்கிய நான்தான் தச்ச. எங்கட மனிசனுக்கு அளவெடுத்துத் தச்ச. அவர் பிடிக்கப் போகல்ல. நடிக்கப் போன.”

மரைக்கார்மாரின் வரிசை ஆடிப்போனது.

“அஸ்தஃபிருல்லாஹ்! எங்கட மரைக்காரா? துண்ணூறு பூசிக்கிட்டா?”

“ஓம் காக்கா.” அண்ணன் முறை சொல்லி அழைத்தது திரை. “துண்ணூறு பூசிக்கிட்டு. பின்னேரம் கழுவிட்டு ஒங்களோடதான் வந்து தொழுத. ஒரு நாளாச்சும் ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சா? அந்த மனிசன் உறங்காம கிடந்த வருசங்கள் மட்டும் தெரிஞ்சிச்சா?”



முஸ்தாக் கடைசிக் கிளையைப் பிடித்தான்.

“சரி மாமி, நடிக்கத்தான் வந்த. ஆனா அவர் தானா விழுந்த! நான் ஒண்டும் செய்யல்ல. அந்த நேரம் கமெராவும் ஓடல்ல. ஆருக்கும் ஒண்டும் காட்ட ஏலா...”

மூலையில் ஒரு தொண்டைச் செருமல்.

கமெராப் பையைக் கட்டிப்பிடித்தபடி றஸாக் எழும்பினான். அழுது வீங்கிய முகம்.

“ஓடினது மச்சான்.”

“என்னடா சொல்லுறாய்?”

“நீ கட் சொல்லல்லியே.”

5

கமெராவை எதில் போட்டுப் பார்ப்பது?

“மரைக்கார் ஊட்டில ரீவி ஏது?” என்றார் ஒரு மரைக்கார்.

“இரிக்கி காக்கா,” என்றது திரை. “நெல்லு மூட்டைக்குப் பின்னால. துணி மூடிக் கிடக்கு.”

மூட்டைகளை விலக்கினார்கள். ரீவி வந்தது. பக்கத்தில் டிஸ்க் போடும் டெக். அதன் மேல் பாதி பார்த்த ஒரு காட்டுப் படம்!

றஸாக் கமெராவை வெளியே எடுத்தான். வயரைச் செருகினான்.

ரீவியில் இரவு விரிந்தது. கமெராக் கண்ணில் நீலக் கண்ணாடித்தாள் ஒட்டி, பட்டப்பகலில் செய்த இரவு! நீல மரங்கள். நீல மணல். நடுவில் கறுப்பு அங்கியில் மந்திரவாதி. நெற்றி நிறைய விபூதி. கழுத்தில் உருத்திராட்சம். கையை உயர்த்தி மந்திரம் சொல்கிறார். குரலில் என்ன கம்பீரம்! பள்ளிவாசல் மேசையில் அடித்த அதே கை.

திரைக்குப் பின்னால் ஒரு விம்மல்.

ரீவியிலிருந்து முஸ்தாக்கின் குரல்:

“மாமா, முகில் மூடுது, வெளிச்சம் போகுது! கொஞ்சம் இங்கால திரும்புங்க! பேய் இந்தப் பக்கத்தால வரட்டும்!”

“அங்கால கடல் மன...”

“ஒரு செக்கன் மாமா! ஒரேயொரு ஷொட்! மரத்துக்கு மேலால பாருங்க, கடல் தெரியாது!”

மந்திரவாதி தயங்குகிறார். பிறகு, படத்துக்காக, மெல்லத் திரும்புகிறார்...

மரங்கள் வரிசையாக நட்டவை அல்லவா? இரண்டு வரிசைக்கு நடுவில், நேராக, ஒரு தெருவைப் போலத் திறந்து கிடந்தது கடல்!

அவர் முகம் மாறியது. பேய் இன்னும் வரவேயில்லை. கிசோக் மரத்துக்குப் பின்னால் சேலையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறான். ஆனால் மரைக்காரின் கண்கள் விரிகின்றன. வலது கை முன்னால் நீள்கிறது. எதையோ பிடிக்க. யாரையோ பிடிக்க...

கை வெறுமையாகத் திரும்பி வந்து மாலையைப் பற்றியது. மாலை அறுந்தது. அவர் சரிந்தார்.

“சூப்பர்!” முஸ்தாக்கின் குரல் துள்ளியது. “சூப்பர் மாமா! அப்பிடியே கிடங்க! எழும்பாதீங்க! றஸாக், கிட்டப் போ, முகத்த எடு!”

முற்றத்தில் யாரோ “ச்சீ!” என்றார்கள்.

நெடுநேரம் அந்த முகம் ரீவியில் கிடந்தது. பிறகு கிசோக் ஓடி வருகிறான். பொய்முடியைப் பிடுங்கி எறிகிறான். மரைக்காரின் மூக்கடியில் கை வைக்கிறான்.

“நானா! மூச்சில்ல நானா!” அண்ணன் என்று முஸ்தாக்கைத்தான் கூப்பிடுகிறான்.

முஸ்தாக் வருகிறான். விழுகிறான். குலுக்குகிறான். கத்துகிறான். அங்கியை உருவுகிறான். ஒட்டுத் தாடியைப் பிய்க்கிறான். தன் சட்டையைக் கழற்றி விபூதியைத் துடைக்கிறான், துடைக்கிறான், துடைத்துக்கொண்டே இருக்கிறான். அழுதபடி நாடியைக் கட்டுகிறான். முகத்தைக் கிப்லாப் பக்கம் திருப்புகிறான்.

“ஊட்டுக்குக் கொண்டு போவம் நானா!” இது கிசோக்.

“எப்பிடிடா? ஊரு என்னக் கொன்று போடும்! மாமாட மானமும் போயிரும். நீ இந்தப் பேக்கக் கொண்டு போ. துண்ணூறும் கொட்டையும் ஒன்ட ஊட்டுல கிடந்தா ஆரும் ஒண்டும் கேட்க மாட்டாங்க. மரைக்கார்ர மானம் ஒன்ட கையிலதான் இரிக்கி. வாய் திறக்காத!”

“திறக்க மாட்டன் நானா.”

அவன் திறக்கவில்லைதான். வீங்கிய உதட்டோடு இதோ நிற்கிறான்!

முஸ்தாக் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நிலத்தில் அமர்ந்தான். உள்புறம் வெளியே தெரிய அணிந்த அந்தச் சட்டைக்குள் புகுந்து மறைய இடமிருந்தால் மறைந்திருப்பான். மரைக்கார்மாரும் தலை நிமிரவில்லை. விபூதியைப் பார்த்துப் பொங்கியவர்களுக்கு இப்போது அதைத் துடைத்த கையைப் பார்க்க முடியவில்லை.

எஸ்.ஐ. கிசோக்கின் விலங்கைக் கழற்றினார். அவர் குரலும் இறங்கியிருந்தது.

“அடிச்சதுக்கு மன்னிச்சுக்கொள் தம்பி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

கிசோக் உதட்டைத் துடைத்தான்.

“பேய்க்கு வசனம் இல்ல எண்டு நானா முதல் நாளே சொல்லிட்டார் சேர்.”

கழற்றிய விலங்கோடு எஸ்.ஐ. முஸ்தாக்கின் பக்கம் நடந்தார். அவன் தானாகவே இரண்டு கையையும் நீட்டினான்.

“மாமி...” அவன் குரல் உடைந்தது. “மாமி, என்ன ஏசுங்க மாமி. அடிங்க. ஒண்டாச்சும் சொல்லுங்க!”

திரை அசையவில்லை.

“கடல் வராது எண்டு சத்தியம் பண்ணின நீ.”

“ஓம் மாமி.”

“கடைசியில அவர மேற்க திருப்பிப் போட்ட. கடலுக்கு முதுகு காட்டி. அதுக்காக உன்ன ஏச மாட்டன். மத்ததுக்கு அல்லாஹ் இரிக்கான். அந்தப் பொடியண்ட உம்மாட காலடிக்கு நீ போகணும். போவியா?”

“போறன் மாமி.”

ரீவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் போய்விட்ட நீலக் காடு, றஸாக் மட்டும் கமெராவோடு நின்று எடுத்தது. மரத்தடியில் வெள்ளைச் சாரனுக்குள் மரைக்கார். பின்னணியில் ஓயாமல் கடலின் இரைச்சல். நிறுத்தச் சொல்ல ஆளில்லை. நிறுத்தத் துணிய றஸாக்குக்குக் கை வரவில்லை.

“முஸ்தாக்!”

“மாமி?”

“உன்ட மாமா இன்னம் நடிச்சிட்டுக் கிடக்கார். இப்பயாச்சும் கட் சொல்லு மன!”